அறையில் ஒருவர்

மத்தியானம் மூன்று மணிக்கு மயிலாப்பூர் தூங்கும். கடைகளில் பாதி ஷட்டர் இறங்கியிருக்கும். பாதி ஷட்டர் இறங்காத கடைகளில் கடைக்காரரின் இமை இறங்கியிருக்கும். கச்சேரி ரோட்டில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில், கருணாகரனின் பிரவுசிங் சென்டரில் மட்டும் ஆறு கம்ப்யூட்டர்கள் விழித்திருக்கும். கண்ணாடிக் கதவில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு தடுப்புக்கும் ஊதா நிறத்தில் ஒரு திரை. ஏ.சி.யின் ஈர வாசனை. வெளியே ஏப்ரல் மாசம். உள்ளே எந்த மாசமும் கிடையாது.

சாருலதாவுக்கு அந்த இடம் பிடித்ததற்குக் காரணமே அதுதான். எம்.எஸ்ஸி.யைப் பாதியில் விட்டவள். அதன் பிறகு கிண்டியில் ஒரு வருஷம் ராத்திரி வேலை. அமெரிக்க டாக்டர்கள் முணுமுணுத்ததைக் காதில் வாங்கி டைப் அடிக்க வேண்டும். யாருக்கோ ஈரல் வீங்கியதையும் யாருக்கோ விரல் போனதையும் விடிய விடிய அடித்தாள். ஒரு நாள் அதையும் விட்டாள். கருணாகரனிடம் பகல் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் ராத்திரியை விட்டாளே தவிர ராத்திரி அவளை விடவில்லை. பகலில் குளத்தங்கரையில் நடந்தாலும் குளத்துக்கு அடியில் நடக்கிற மாதிரியே இருந்தது. மனிதர்கள் கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தார்கள்.

அந்த மங்கலில் பளிச்சென்று தெரிந்தவை குட்டி ஜன்னல்கள் மட்டும்தான்.

யாராவது ஒரு பக்கத்தைத் திறப்பார்கள். போன் லைனில் மாட்டிய மோடம் கீச்சிட்டுக் கனைத்து ஓயும். படம் மேலிருந்து கீழே, திரை இறங்குவது போல இறங்கத் தொடங்கும். பாதி இறங்குவதற்குள் அதன் மேல் ஒரு குட்டி ஜன்னல் குதிக்கும். சூதாட்டம், கடன் அட்டை, மெலிய மாத்திரை, துணியில்லாத பெண். மூடினால் இரண்டு பிறக்கும். இரண்டையும் மூடினால் நாலு. ஆறு கம்ப்யூட்டர்களிலும் ஓடி ஓடி மூடுவதே சாருலதாவின் வேலையாகிப் போனது. கண்ணை மூடினாலும் விடவில்லை. கபாலி கோயில் குளத்துத் தண்ணீரில் சதுரம் சதுரமாக ஜன்னல்கள் திறந்து, எழுத்துகள் மின்னி மின்னி அவளை வாழ்த்துவதாகக் கனவு கண்டாள். ஒவ்வொன்றின் மூலையிலும் சின்னப் பெருக்கல் குறி. அதை அழுத்தக் கையை நீட்டினால் கை நனைந்தது.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு ஹாஜிரா பீ வருவார். மீர்சாகிப்பேட்டையில் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைக்கிறவர். கறுப்பு புர்காவின் கைகளில் எப்போதும் ஏதாவது ஒரு கலர் நூல் ஒட்டியிருக்கும். அவர் மகள் சகினா கல்யாணமாகி ஷார்ஜாவில் இருந்தாள். பகலில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை. வெள்ளிக்கிழமை அங்கே நோயாளிகள் கிடையாது. சாவி சகினாவிடம். தொழுகை நேரம் முடிந்ததும், கணக்கெழுதப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, அந்த கிளினிக்கின் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்காருவாள். இங்கே நாலாம் நம்பர் கம்ப்யூட்டர் முன்னால் அம்மா. இருவருக்கும் நடுவில், ஏதோ ஒரு இலவச அரட்டைத் தளத்தின் பதினாலாம் எண் அறை. சாருலதா அம்மாவின் பேச்சை ஆங்கில எழுத்தில் அடிப்பாள். மகளின் பதிலைப் படித்துக் காட்டுவாள்.

போன் இல்லாமல் இல்லை. சகினா வீட்டில் போன் கூடத்தில், மாமியாரின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது.

"ரெண்டு வார்த்த பேசுனா மூணு கேள்வி வருது பேட்டி," என்றார் ஹாஜிரா பீ. "இங்க நீ ஒருத்திதான் கேக்குற. நீ கேட்டா பரவால்ல." மகளே என்கிற அர்த்தத்தில் சாருலதாவை அவர் 'பேட்டி' என்றுதான் கூப்பிடுவார்.

விளம்பர ஜன்னல் குதித்தால் அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வார். சாருலதா மூடியதும், "போச்சா?" என்பார். போச்சு என்று சொன்ன பிறகுதான் திரும்புவார்.

மார்ச் கடைசி வெள்ளிக்கிழமை சகினா ஒரு கேள்வி கேட்டாள். ஆறு மாசம் முடிந்துவிட்டது. தலைப்பிரசவம். அம்மா வீட்டுக்கு வரட்டுமா, இங்கேயே இருந்துவிடட்டுமா? ஏழு மாசம் முடிந்தால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அம்மா சரி என்றால் அவள் வீட்டுக்காரரிடம் கேட்பாள். மாமியாரிடமும் அவளே கேட்பாள். அம்மா போன் பண்ணி அழைக்கக் கூடாது. அழைத்தால், எங்கள் வீட்டில் பிரசவம் பார்க்க வக்கில்லையா என்று அந்த அம்மாள் கட்டிலை விட்டு எழுந்துவிடுவாள்.

ஹாஜிரா பீ உடனே பதில் சொல்லவில்லை. ஒரே அறை. மகன் கரீமுல்லா, மருமகள், இரண்டு பிள்ளைகள், அவர். "அண்ணங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு அடுத்த வாரம் சொல்றேன்னு போடு," என்றார். சாருலதா போட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து "சரி" என்று வந்தது. ஒரு வார்த்தைதான். கோபமா இல்லையா என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அடுத்த செவ்வாய்க்கிழமைதான் சுந்தரராமன் சாருக்கு அது நடந்தது. வங்கியில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்து பத்து நாளான பேரனின் போட்டோவை நியூ ஜெர்சியிலிருந்து பிள்ளை ஏதோ ஒரு இலவசப் பக்கத்தில் ஏற்றியிருந்தான். படம் மெல்ல இறங்கியது. தலைமுடி வந்தது. நெற்றி வந்தது. பிறகு அதன் மேல் ஒரு பெண் வந்தாள், பிறந்த குழந்தையை விடக் குறைவான துணியில். பின்னால் இரண்டு கல்லூரிப் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"நான் எதையும் தொடலை!" சுந்தரராமன் எழுந்தே விட்டார். "குழந்தை நெத்தி வரைக்கும்தான் வந்தான். அதுக்குள்ள இவ வந்து நின்னுட்டா!"

சாயங்காலம் கருணாகரன் வந்தார். சிந்தாதிரிப்பேட்டையில் உதிரி பாகம் விற்றுக்கொண்டிருந்தவர். கம்ப்யூட்டர் பற்றி அவருக்குத் தெரிந்தது அதன் விலை மட்டும்.

"இன்னாம்மா சாரு, நான் சென்டர் வெச்சிகீறேனா, டென்ட் கொட்டாய் வெச்சிகீறேனா? பெரிய மனுசன் மாட வீதி பூரா சொல்லிக்கினு போறாரு. வர்ற வெள்ளிக்குள்ள இத்த ஒழிச்சிக்கட்டு."

"எப்படி சார் ஒழிக்கறது? அது தானா வர்றது."

"தானா வர்றத தானா போவ வெய்யி. அத்த தெரிஞ்ச பொண்ணுன்னுதானே உன்ன வெச்சிகீறேன்."

ஒழிக்கும் வழி ஒரு பழைய கம்ப்யூட்டர் பத்திரிகையின் கேள்வி பதிலில் இருந்தது. குட்டி ஜன்னல்களைத் திறப்பது பக்கத்துக்குள் ஒளிந்திருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் என்கிற கட்டளைகள். பிரவுசரின் அமைப்புகளில் அந்தப் பெயருக்கு எதிரே ஒரு கட்டம் உண்டு. கட்டத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டால் கட்டளைகள் செத்துப்போகும். அவ்வளவுதான். வியாழக்கிழமை காலையில் ஆறு கம்ப்யூட்டர்களிலும் ஆறு டிக்குகளை எடுத்தாள்.

வேண்டாத விருந்தாளிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்துபோன கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. பக்கங்கள் தனியாக வந்தன. தனியாக நின்றன. எதுவும் குதிக்கவில்லை, மின்னவில்லை, வாழ்த்தவில்லை. சுந்தரராமன் மறுபடி வந்து பேரனைப் பாதம் வரைக்கும் பார்த்தார். கருணாகரன் பஜ்ஜி வாங்கி வரச் சொன்னார். அன்று ராத்திரி சாருலதாவின் கனவில் குளம் வெறும் குளமாக இருந்தது. ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அவள் ஆறு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கினாள்.

மறுநாள் மூன்றரைக்கு ஹாஜிரா பீ மூச்சிரைக்க மாடி ஏறினார்.

"கரீமுல்லா சரின்னுட்டான் பேட்டி. வேல செய்ற பட்டறையிலயே படுத்துக்கறானாம். வான்னு போடு. முதல்ல அத்த போடு, மத்தத அப்பால பேசிக்கலாம்."

சாருலதா தளத்தைத் திறந்தாள். அறைகளின் பட்டியல் வந்தது. பதினாலாம் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த பொத்தானை அழுத்தினாள். எதுவும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். லைன் மந்தம் என்று நினைத்துக் காத்திருந்தாள். நாலே கால் வரை அழுத்தினாள். தூங்கி எழுந்த உடம்பில் ஒரு சுகமான சோம்பல் இருந்தது. பட்டியல் அப்படியே அசையாமல் நின்றது. அசையாமல் நிற்பது இரண்டு நாளாக அவளுக்குப் பிடித்த விஷயமாக ஆகியிருந்தது.

"சகினா இன்னிக்கு வரலை ஹாஜிராம்மா," என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அதையே சொன்னாள்.

ஹாஜிரா பீ அன்றைக்குக் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். முகத்தைத் திருப்ப வேண்டிய அவசியம் இல்லாத, சுத்தமான திரை.

"கோவம்," என்றார். "பெத்தவ வான்னு உடனே சொல்லல இல்ல. அண்ணன கேக்கணும்னுட்டேன். எனக்கு அவ்ளோதான் எடம்னு நெனச்சிட்டா." புர்காவின் கையில் ஒட்டியிருந்த பச்சை நூலை எடுத்து உருண்டையாக உருட்டினார். "இன்னும் ஒரு வெள்ளிதான் கீது. அதோட ஏழு ஆயிடும்."

அந்த ஒரு வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை.

மூன்றரை ஆயிற்று. மூணே முக்கால் ஆயிற்று. நாலாம் நம்பர் கம்ப்யூட்டரில் கிரீஷ் உட்கார்ந்திருந்தான். என்ஜினீயரிங் கடைசி வருஷம். வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றின் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தவன் மேஜையைத் தட்டினான்.

"அக்கா, இந்த பட்டன் செத்துப்போச்சு. ஃபார்ம் சின்ன விண்டோல தொறக்கணும். தொறக்கவே மாட்டேங்குது."

"லைன் ஸ்லோவா இருக்கும். இரு."

"லைன் இல்லக்கா." அவன் அமைப்புகளைத் திறந்து பார்த்தான். சிரித்தான். "ஜாவாஸ்கிரிப்ட்டையே ஆஃப் பண்ணிட்டீங்களா? அப்புறம் எப்படி வரும்? இதுக்கு எது விளம்பரம், எது நமக்கு வேண்டியதுன்னு தெரியுமா? எல்லா குட்டி விண்டோவும் இதுக்கு ஒண்ணுதான். கதவைச் சாத்தினா பால்காரனும் வர மாட்டான்."

ஏ.சி.யின் சத்தம் திடீரென்று மிக அருகில் கேட்டது. ஆறாம் நம்பர் காலியாக இருந்தது. அதில் போய் உட்கார்ந்து அரட்டைத் தளத்தைத் திறந்தாள். அறைகளின் பட்டியல் வந்தது. ஒவ்வொரு அறைக்கும் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு எண். அறைக்குள் எத்தனை பேர் என்று காட்டுகிற எண். பதினாலாம் அறைக்குப் பக்கத்தில் '1' என்று இருந்தது.

போன வெள்ளிக்கிழமையும் அது இருந்தது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையும் இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டேதான் வரவில்லை என்று சொல்லியிருந்தாள்.

டிக்கைத் திரும்ப வைத்தாள். உள்ளே போய், சகினாவிடம் இரு என்று சொல்லலாம். பெயர் கேட்கும் இடம் வரைக்கும் போனாள். அதற்குள் லைன் அறுந்தது. மோடம் மறுபடி எண்ணைச் சுற்ற ஆரம்பித்தது. மணி மூன்று ஐம்பத்தைந்து. நாலரைக்கு மேல் சகினா இருந்ததே இல்லை.

"கிரீஷ், இங்க வந்து உக்காரு. லைன் கெடைச்சா கட் பண்ணாதே, எதையும் தொடாதே. யார் கேட்டாலும் எழுந்துக்காதே," என்றாள். செருப்பை மாட்டினாளா என்பது மாடிப்படி இறங்கிய பிறகுதான் தெரிந்தது. மாட்டியிருந்தாள்.

வெளியே வெயில் அவளை அறைந்தது. ஆட்டோ ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் போயிற்று. இரண்டு பக்கமும் கடைப் பலகைகள், சினிமா போஸ்டர்கள், மூடிய ஷட்டர்கள். எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகத் திறந்து மூடுவது போலக் கடந்தன. கனவா விழிப்பா என்று ஒரு நொடி தெரியவில்லை. எதையும் மூடத் தோன்றவில்லை.

மீர்சாகிப்பேட்டையில் சந்துக்குப் பெயர் கிடையாது. ஃபால்ஸ் தைக்கிற ஹாஜிரா பீ என்று கேட்டதும் மூன்று பேர் மூன்று பக்கம் கை காட்டினார்கள். மூன்றாவது கைதான் சரி. அவர் வாசலில் உட்கார்ந்து மடியில் ஒரு கத்தரிப்பூ நிறப் புடவையை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். கை நிற்கவில்லை.

"இன்னா பேட்டி இவ்ளோ தூரம்?"

"வாங்கோ. சகினா வந்திருக்கா."

"இன்னிக்கா?"

சாருலதாவுக்கு ஆமாம் என்று சொல்லத் தோன்றியது. யாருக்கும் தெரியப் போவதில்லை.

"மூணு வாரமும் வந்தா," என்றாள். "விளம்பரம் வராம இருக்கறதுக்கு நான் ஒண்ணை அடைச்சேன். அவளும் அதோட அடைபட்டுட்டா. உள்ளே ஒருத்தர் இருக்கார்னு எழுதியிருந்தது. நான் பார்க்கலை. பார்த்தேன், கவனிக்கலை. வரலைன்னு சொல்லிட்டேன்."

ஊசி நின்றது. ஹாஜிரா பீ நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். புடவையை மடித்து உள்ளே வைத்தார். புர்காவை மாட்டினார். இத்தனையும் அவசரமில்லாமல் செய்தார். ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"பதினாலு நாளு எனக்கு தொண்டையில சோறு எறங்கல."

சாருலதா ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லு பேட்டி. வரலன்னு சொல்லாதே. தெரியலன்னா நான் நாளைக்கும் வந்து பாப்பேன். வரலன்னா வூட்டுக்குப் போயிடுவேன்."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். ஹாஜிரா பீ, "ரோட்டப் பாருப்பா," என்றார்.

மாடி ஏறும்போது நாலு பத்தொன்பது. கிரீஷ் ஆறாம் நம்பரில் காவல்காரன் போல உட்கார்ந்திருந்தான். "லைன் இருக்கு, எதையும் தொடலை," என்று எழுந்து இடம் விட்டான். பட்டியலில் '1' அப்படியே இருந்தது. சாருலதா பொத்தானை அழுத்தினாள்.

முதலில் சூதாட்டம் திறந்தது. அதன் மேல் கடன் அட்டை. பிறகு மின்னும் எழுத்தில் ஒரு வாழ்த்து. ரோஜாப்பூ விற்கிற ஒன்று, மெலிய வைக்கிற ஒன்று. திரை முழுவதும் பொங்கல் சந்தை போல நிறைந்தது. அதற்குள் வந்திருந்த கருணாகரன் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "அய்யே, மறுபடியும் வந்துட்டாளுங்களா?" என்றார். பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை. எல்லாவற்றுக்கும் மேல், கடைசியாக, சாம்பல் நிறத்தில் அழகே இல்லாத ஒரு குட்டி ஜன்னல் திறந்தது. அதில் சகினாவின் பெயர் இருந்தது.

ஹாஜிரா பீ இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை.

"யாரு?" என்று வந்தது அந்தப் பக்கத்திலிருந்து. "அம்மீயா?"

சாருலதா தன் தப்பை நாலு வார்த்தையில் அடித்தாள். பிறகு, கேட்காமலேயே, முதல் வார்த்தையை அடித்தாள். வா. அண்ணன் சரி என்றுவிட்டான், இடம் இருக்கிறது என்று அம்மா சொல்லச் சொல்ல அடித்தாள்.

பதில் வந்தது. "நீங்க வேணாங்கறீங்கன்னு நெனச்சேன். இங்கயே இருக்கேன்னு போன வாரம் மாமிகிட்ட சொல்லிட்டேன்."

படித்துக் காட்டும்போது சாருலதாவின் குரல் இறங்கியது. ஹாஜிரா பீயின் குரல் இறங்கவில்லை.

"போன வாரம் சொன்னது போன வாரம். இன்னிக்கு போறேன்னு சொல்லச் சொல்லு. இன்னும் எத்தினி நாள் ஏத்துவான் பிளேன்ல?"

"ஆறு நாள்," என்று வந்தது. அப்புறம், "இருங்க. அவருக்கு போன் பண்றேன். போயிடாதீங்க. அம்மீ, போயிடாதீங்க."

இருந்தார்கள். ஜன்னல்கள் திறந்துகொண்டே இருந்தன. ஒன்று சகினாவின் பெயர் மேலேயே வந்து உட்கார்ந்தது. சாருலதாவின் கை பழக்கத்தில் பெருக்கல் குறிக்குப் போயிற்று. ஹாஜிரா பீ அந்த மணிக்கட்டைப் பிடித்தார். தையல் விரல்கள், காய்த்துப் போனவை.

"கை வெக்காதே."

"இது விளம்பரம், ஹாஜிராம்மா."

"இருக்கட்டும். அதும்பாட்டுக்கு இருக்கட்டும். இன்னா சொல்றான் அவன்?"

"லண்டன் போக உங்களுக்கு டிக்கெட் இலவசமாம்."

"நாம போயி இன்னா பண்றது? அங்கேர்ந்து இங்க வர்றதுக்கு ஒண்ணு கீதா பாரு."

சாருலதாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று தெரியவில்லை. ஹாஜிரா பீ சிரிக்கவில்லை. லண்டன் டிக்கெட்டை மூடாமல் சாருலதா மெல்ல ஓரத்துக்கு நகர்த்தினாள். அடியில் சகினாவின் ஜன்னல் காலியாகக் காத்திருந்தது. ஊதா வெளிச்சத்தில் இரண்டு பேர் முகத்திலும் ரோஜாப்பூவும் சூதாட்டமும் மாறி மாறி மின்னின.

நாலு ஐம்பதுக்குப் பதில் வந்தது.

"செவ்வாய் காலைல ஃபிளைட். அவர் சரின்னுட்டார். மாமி போன்ல என்கூடப் பேசல. பேச மாட்டாங்க. நான் தனியாத்தான் வரணும்."

ஹாஜிரா பீ அதை இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார். மூன்றாம் தடவை கேட்கவில்லை. மூக்கை புர்காவின் ஓரத்தில் துடைத்தார்.

"அம்மீ, நம்ம ரூம்ல இப்பவாவது ஃபேன் இருக்கா?" என்று அடுத்த வரி வந்தது.

"கீதுன்னு போடு," என்றார் ஹாஜிரா பீ.

சாருலதா அவரைப் பார்த்தாள்.

"செவ்வாய் வரைக்கும் டைம் கீது இல்ல. மாட்டிப்புடலாம். போடு."

சாருலதா, இருக்கிறது என்று அடித்து அனுப்பினாள். அதன் மேல் உடனே இன்னொரு ஜன்னல் வந்து உட்கார்ந்தது. இருவரும் அது என்ன விற்கிறது என்று பார்த்தபடி, அடியில் வரப்போகும் அடுத்த வரிக்காகக் காத்திருந்தார்கள்.